பால்மரத்துக்கு முந்திய கோப்பி மரம்

நம் தோட்டப்பள்ளி மாணவரிடம், "உம் பூட்டனார் இந்நாட்டுக்கு எதற்காக வந்தார்?" என்று வினவினால், "பால்மரம் வெட்ட" என்னும் விடையே வரும். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். சிலாங்கூரைப் பொறுத்தமட்டில் அவ்விடை முழுதும் சரியன்று. 1890-களில் கிள்ளான், கோலலங்காட் வட்டாரங்களில் நம்மவர் முதலில் நட்டதும், களை எடுத்ததும், காய் பறித்ததும் கோப்பித் தோட்டங்களில்தான். ரப்பர் பின்னர் வந்தது.

இதன் தொடக்கம் இலங்கையில் உள்ளது. அங்கு மலைச்சரிவுகளில் செழித்திருந்த அரபிக்கா கோப்பியில் 1869-இல் இலைத்துரு நோய் தோன்றி, இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழிலையே வீழ்த்திற்று. நோயைத் தாங்கும் இனத்தைத் தேடிய துரைமார் கண்ணில் பட்டது மேற்கு ஆப்பிரிக்க மரமாகிய லிபெரிக்கா. அது தாழ்ந்த, வெப்பமான நிலத்திலும் வளர வல்லது. இலங்கையை விட்டு மலாயாவுக்கு வந்த துரைமார் சிலர் அதையே இங்கு நட்டனர்.

அவர்தம் நற்காலம் நீடிக்கவில்லை. பிரேசில் நாட்டின் மிகைவிளைச்சலால் 1890-களின் பிற்பாதியில் விலை சரிந்தது. கண்ணாடிச் சிறகுடைய அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள் இலைகளை மொட்டையாக்கின. கோப்பி வரிசைகளுக்கு இடையே நடப்பட்டிருந்த ரப்பர் கன்றுகள் அதற்குள் ஓங்கிவிட்டன. தோட்டங்கள் கோப்பியைக் கைவிட்டன.

ஆனால் மரம் அழிந்துவிடவில்லை. தோட்டம் கைவிட்டதைச் சிறு விவசாயி வைத்துக்கொண்டான். ஜாவாவிலிருந்து வந்து இக்கடற்கரைப் பகுதியில் குடியேறியோர், வடிகால் வெட்டிய கரிச்சேற்று நிலங்களில் தென்னையோடு சேர்த்து அதை வளர்த்தனர். இன்றும் மலேசியாவில் விளையும் கோப்பியில் பெரும்பகுதி லிபெரிக்காவே. உலக விளைச்சலிலோ அதன் பங்கு மிகச் சிறிது. அங்கு அரபிக்காவும் ரொபஸ்தாவுமே ஆட்சி செய்கின்றன.

ஜெஞ்சாரோமில் யான் அறிந்த ஒரு முதியவரின் வீட்டுப் பின்புறம் இம்மரங்கள் சில நிற்கின்றன. வெட்டாது விட்டால் ஐம்பது அடிக்கும் மேல் உயரும். ஆதலின் நுனி கிள்ளி அடக்கி வைக்கிறார். இலை உள்ளங்கையினும் பெரிது. கொட்டை ஒருபுறம் சாய்ந்த நீர்த்துளி போன்றது. பூ காயாகிக் கனிய ஏறத்தாழ ஓராண்டாகும். மழைதோறும் பூப்பதால் ஒரே கிளையில் பச்சையும் பழமும் கலந்திருக்கும். சதை தடிப்பு, பத்துக் கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ கொட்டை கிடைப்பதே அரிது. இனிப்பு மிக்க அத்தடித்த சதையோடு உலர்த்தினால் காய நாளாகும். இடையில் மழை பிடித்தால் பூஞ்சை பற்றும்.

பழைய முறையில் இக்குறைகள் வெளிப்படுவதில்லை. நம் நாட்டுக் கோப்பிக் கடைக்கு வறுப்போர் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பர். அந்தக் கருமையில் பழம், பச்சை, பூஞ்சை எல்லாம் ஒன்றாகிவிடும். பால் கலவாத அக்கோப்பியைக் 'கோப்பி ஓ' என்கிறோம். ஹொக்கியன் மொழியில் 'ஓ' என்றால் கருமை. ('காப்பி' ஆங்கில வழி வந்தது, 'கோப்பி' டச்சுச் சொல் மலாய் வழியாக நம்மை அடைந்தது. மாணவர் கட்டுரையில் 'கோப்பி' என்று எழுதினால் பிழையென்று சிவப்பு மையிடும் ஆசிரியர்கள் இதை நினைவிற் கொள்க.)

எஸ்பிரஸோ முறை அவ்வாறு மறைக்காது. மிலான் நகரத்து லூயிஜி பெஸெரா 1901-இல் இதற்கான பொறியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பொறி, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைத் தூளினூடே செலுத்தி, அரை நிமிடத்திற்குள் சிறு கிண்ணச் சாற்றை வடிக்கிறது. சாறு அத்துணைச் செறிவாதலின், ஒரு கைப்பிடி பச்சைக்காய் கலந்திருந்தாலும் நாவில் புல்வாடை தட்டும். கனிந்ததை மட்டும் பறித்து, கவனமாக உலர்த்தி, இளவறுப்பாக வறுத்தால் பலாப்பழ மணம் எழும். சிறப்புத்தரக் கோப்பியை நாடுவோர் நெடுங்காலம் 100-க்கு 80 மதிப்பெண்ணை எல்லையாகக் கொண்டனர். அவ்வளவுகோல் அரபிக்காவுக்கென வகுக்கப்பட்டது. பலாமணத்தை அதனால் அளப்பது, வெண்பா இலக்கணத்தைக் கொண்டு நாட்டுப்பாடலைத் திருத்துவது போலாகும்.

இங்கேதான் சிக்கல் உள்ளது. கனிந்ததை மட்டும் தேர்ந்து பறிக்க ஒரே மரத்திற்குப் பலமுறை செல்ல வேண்டும். அவ்வேலைக்குப் பொறி உதவாது. கணக்குப் பார்க்கும் பெருந்தோட்டத்துக்கு அக்கூலி கட்டாது. வீட்டோடு மரம் வைத்திருப்பவருக்கே அது இயலும். ஆனால் கலந்த காய்க்கும் கனிந்த பழத்துக்கும் ஒரே விலை கிடைக்குமானால் அவர் ஏன் அத்துணை முறை நடக்க வேண்டும்? முதியவரிடம் கேட்டேன். "வாத்தியாரே, வியாபாரி எடையைப் பார்க்கிறார், நிறத்தைப் பார்ப்பதில்லை" என்றார். அண்மையில் கோலாலம்பூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், செம்பழம் மட்டும் என்றால் கூடுதல் விலை தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். முதியவர் இப்போது இரண்டு கூடைகள் வைத்திருக்கிறார்.