பொத்தான் ஓரிடம், வேலை வேறிடம்

செயலி உருவாக்கக் கற்கும் மாணவர்கள் பலர் திணறும் இடம் பொத்தான். ஒரு திரையில் ஒரு பொத்தான் என்றால் சிக்கலில்லை. பட்டியல் ஒன்று வந்து, அதன் ஒவ்வொரு வரியிலும் பொத்தான் இருந்தால்தான் தலைவலி.

பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயிலும் நான், படிவம் நான்கு மாணவர்கள் சிலருக்கு நிரலாக்கத்தில் உதவி வருகிறேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உணவு முன்பதிவு செய்யும் ஆண்ட்ராய்டு செயலி அவர்களின் திட்டப்பணி. ஒப்படைக்க இரண்டே நாள் இருந்தபோது, நாசி லெமாக் பக்கத்தில் உள்ள ‘சேர்’ பொத்தானை அழுத்தினாலே செயலி மூடிக்கொண்டது. வேறு தலைப்புக்கு மாறிவிடலாமா என்றுகூட அவர்கள் பேசத் தொடங்கிவிட்டனர்.

காரணம் எளிது. பட்டியலின் வரிகளைத் தயாரிப்பது அடாப்டர் என்னும் வகுப்பு. மொத்தத் தொகையைக் காட்டுவது ஆக்டிவிட்டி என்னும் இன்னொரு வகுப்பு. பொத்தான் முன்னதில், செய்ய வேண்டிய வேலை பின்னதில். மாணவர்கள் அடாப்டருக்குள் புதிய ஆக்டிவிட்டி ஒன்றை உருவாக்கி, அதனிடம் தொகையை மாற்றச் சொல்லியிருந்தனர். அந்தப் புதிய ஆக்டிவிட்டி திரைக்கே வராதது. அதில் தொகையைக் காட்டும் பெட்டி எப்படி இருக்கும்?

மாமாக் கடையை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் எடுப்பவர் அடுப்படிக்குப் போய்த் தே தாரிக் ஆற்றுவதில்லை. “தே தாரிக் ஒன்னு!” என்று குரல் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஆற்றுவது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

அடாப்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதை உருவாக்கும்போதே, ‘யாராவது அழுத்தினால் இதை அழை’ என்று ஆக்டிவிட்டி ஒரு செயற்கூறைக் கொடுத்துவிட வேண்டும். கோட்லினில் இதற்கு லேம்டா போதும். ஜாவாவில் இன்டர்ஃபேஸ் எழுதுவது வழக்கம். ஐபோனுக்கான ஸ்விஃப்டில் டெலிகேட் இதே வேலையைச் செய்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, எத்தனையாவது வரி என்ற எண்ணை அனுப்பாமல், எந்த உணவு என்பதையே அனுப்புங்கள். ஒரு வரி நீக்கப்பட்டால் மற்றவற்றின் எண்கள் மாறிவிடும். இரண்டாவது, ஆக்டிவிட்டியை நிலையான மாறியில் பிடித்து வைக்காதீர்கள். கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் ஆண்ட்ராய்டு வழக்கமாக அந்தத் திரையை அழித்துப் புதிதாக உருவாக்கும். பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தால் நினைவகம் வீணாகும்.

மாணவர்கள் பத்துப் பதினைந்து வரிகளை மாற்றினர், செயலி ஓடியது. பிறகு ‘பிடித்த உணவுகள்’ திரைக்கும் அதே அடாப்டரை ஒரு வரிகூடத் திருத்தாமல் பயன்படுத்தினர்.

குழுவாகத் திட்டப்பணி செய்வோருக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அழுத்தினால் என்ன தகவல் கைமாறும் என்பதை முதலில் பேசி முடிவு செய்துவிட்டால், பட்டியலை ஒருவரும் கணக்கை இன்னொருவரும் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை குழுவாகச் செயலி எழுத உட்காரும்போது, அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குங்கள்.