நலம் கற்ற பிள்ளையின் தலைவலி

நோயில்லாதிருத்தல் மட்டுமே சுகாதாரமன்று. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் செவ்வனே அமைந்திருக்கும் நிலையே சுகாதாரம். 1948ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு கூறும் விளக்கம் இது. கற்பிட்டிக் குடாநாட்டில் பதினோராந் தரத்தில் பயிலும் மாணவி ஒருத்தி, தவணைப் பரீட்சையின்போது இவ்விளக்கத்தைத் தன் சொந்த நடையில் மிக அழகாக எழுதியிருந்தாள். சுகாதாரம் கற்பிக்கும் நண்பர் அவ்விடைத்தாளை என்னிடம் காட்டி மகிழ்ந்தார். வகுப்பிலேயே அதிக புள்ளிகள் பெற்றவள் அவளே.

அதே மாணவிக்கு ஓயாத தலைவலி. காலையில் முதற் பாடம் முடிவதற்குள் மேசைமீது தலையைச் சாய்த்துவிடுவாள். வீட்டார் மாத்திரை வாங்கிக் கொடுத்தனர். வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றனர். கண்ணைப் பரிசோதிப்பித்து மூக்குக்கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தனர். ஒன்றினாலும் பயனில்லை. விஞ்ஞானம் கற்பிக்கும் நானோ, “படிக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி வரும்” என்று வகுப்பறையில் எல்லோரும் கேட்கும்படி ஒருநாள் கூறிவிட்டேன். அச்சொல்லை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு கூசுகின்றது.

அறிவு வேறு, மனப்பாங்கு வேறு, மனத்தின் அமைதி வேறு. இம்மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து தாமே வந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதற்கு எங்கள் ஊர்க் கிணற்று நீரே தக்க சான்றாகும்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ்ந்த இக்குடாநாட்டின் நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மரக்கறிக்கும் இடப்படும் பசளை, மணலினூடாக எளிதில் ஊறி நிலத்தடி நீரைச் சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இங்குள்ள கிணறுகள் பலவற்றில் அவ்வளவு கடந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அத்தகைய நீரில் பால்மா கரைத்துப் புகட்டினால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கவும் கூடும். இதை வகுப்பில் விளக்கிவிட்டு, “அப்படியானால் என்ன செய்யவேண்டும்?” என்று வினவினேன். “கொதிக்க வைக்கவேண்டும், சேர்!” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையளித்தது.

கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது. நீர் ஆவியாகிக் குறையுமாதலால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். பிள்ளைகள் கூறிய விடை பொய்யன்று. வேறொரு வினாவுக்குரிய விடை அது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குத் தெரிந்த மருந்தைச் செய்துவிட்டு நாம் நிம்மதி அடைந்துவிடுகிறோம். அந்த மாணவிக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ததும் இதுவேயன்றோ?

உடல் நோயைப் பொறுத்தவரை இந்நாடு பெற்ற வெற்றி சிறிதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொள்ளைகொண்டது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலோ, இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மருந்தும் அரசின் முயற்சியும் இதற்குக் காரணமென்பது உண்மையே. ஆயினும் காய்ச்சல் வந்தவன் “எனக்குக் காய்ச்சல்” என்று வெட்கமின்றிச் சொன்னான் என்பதையும் மறத்தலாகாது.

மனத்துயரை அவ்வாறு சொல்ல எவர் துணிகிறார்? அங்கொடை என்னும் ஊரின் பெயரையே ஏச்சாகப் பயன்படுத்தும் சமூகம் நமது. அங்கே மனநோய்க்குச் சிகிச்சையளிக்கும் பெரிய வைத்தியசாலை இருப்பதே அதற்குக் காரணம். ‘ஊரார் அறிந்தால் என்ன நினைப்பர்? நாளை இவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பது எப்படி?’ என்ற அச்சம் பெற்றோரின் வாயை அடைக்கின்றது. பெற்றோரின் மௌனத்தைக் கண்ட பிள்ளையும் வாயை மூடிக்கொள்கின்றது. வாய் மூடிக்கொண்டால் உடல் பேசத் தொடங்கும். தலை வலிக்கும், வயிறு குமட்டும், நெஞ்சு படபடக்கும்.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியோர் பலர். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் இம்மாவட்டத்திலேயே தங்கியிருந்தோருள் 450 பேரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வொன்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு ஏதேனுமொரு மனநலக் குறைபாடு காணப்பட்டது. அவற்றுள் மிகுதியாயிருந்தது, உடல் உபாதையாக வெளிப்படும் வகையே. நூற்றுக்கு 14 பேரிடம் அது இருந்தது. துயரம் இத்தனை ஆண்டுகளாக உடலின் மொழியில் பேசிக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருளாகும்.

அந்த ஆய்வைப் பற்றிப் படித்த மறுநாள் அம்மாணவியைத் தனியே அழைத்தேன். தலைவலியைப் பற்றிக் கேட்கவில்லை. “இரவில் எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறீர், பிள்ளை?” என்று மட்டும் கேட்டேன்.

“நித்திரை வாறதே இல்ல, சேர். உம்மம்மா மௌத்தானதுக்குப் பொறகு அவங்கட கட்டில்லதான் படுக்கிறேன்” என்றாள். அவ்வளவுதான், கண்ணீர் பெருகிவிட்டது.

தாயார் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிக்குச் சென்று நான்கு ஆண்டுகள். தந்தையார் கடற்றொழிலாளி, இரவெல்லாம் கடலில். பிள்ளையை வளர்த்தவர், மன்னாரிலிருந்து படகில் வந்திறங்கிய அந்தப் பாட்டியார். அவர் மறைந்து மூன்று மாதங்களாகியிருந்தன. இம்மூன்று மாதங்களில் தலைவலியைப் பற்றி விசாரித்தோர் பலர். நித்திரையைப் பற்றி விசாரித்தார் ஒருவருமில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றில் அதிசயம் ஏதுமில்லை. வழிகாட்டலும் ஆலோசனையும் வழங்கும் ஆசிரியை வாரந்தோறும் அவளுடன் உரையாடினார். முதலில் முகஞ் சுளித்த தந்தையார், மகளுடன் வைத்தியரிடம் செல்ல இசைந்தார். தொலைபேசியில் தாயிடம் பரீட்சைப் புள்ளிகளை மட்டும் ஒப்புவித்து வந்த பிள்ளை, பாட்டியாரைப் பற்றியும் பேசத் தொடங்கினாள். தலைவலி ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. சிறிது சிறிதாகக் குறைந்தது. நான் வகுப்பறையில் கூறிய சொல்லுக்காக, அதே வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். ஆசிரியன் என்னும் முறையில் நான் செய்த பயனுள்ள செயல்களுள் அதுவும் ஒன்றென்று கருதுகிறேன்.

இவள் ஒருத்தியின் கதைதானே என்று எண்ணற்க. உலகில் 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனுமொரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவரிடையே நடைபெற்ற சுகாதார ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் பற்றிக் கேட்டதோடு, தனிமையுணர்வையும் கவலையால் உறக்கம் கெடுவதையும் பற்றிக் கேட்டனர். நாடளாவிய ஆய்வில் கேட்கத் தகுந்த வினாவை வீட்டில் நாம் கேட்கலாகாதா?

திருவள்ளுவர் உடலுக்கு மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்தார்; உள்ளம் துன்பத்தால் தளராமைக்கு இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்தையும் வகுத்தார். இரண்டும் ஒரே நூலில் இருக்க, நாமோ ஒன்றைப் பாடமாக்கி மற்றதைப் பரிகாசமாக்கிவிட்டோம்.

பெற்றோர்களே! பருவ வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பிள்ளை உறக்கமிழந்தோ, உணவை வெறுத்தோ, நண்பரை விட்டு ஒதுங்கியோ இருப்பின், அதைப் பிடிவாதமென்றோ பஞ்சியென்றோ தள்ளிவிடாதீர்கள். வைத்தியரையோ பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரையோ நாடுங்கள். தேசிய மனநல நிறுவனம் நடத்தும் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம். பிள்ளை தன்னுயிரை வெறுத்து ஒரு சொல் கூறினாலோ, இரண்டு வாரம் என்று நாட் பார்த்திராது அன்றே உதவி தேடுங்கள். தோட்டத்துக்கு வாங்கி வைத்த கிருமிநாசினியையும் பூட்டி வையுங்கள்.

இன்றிரவு உணவருந்தும் வேளையில், “எத்தனை புள்ளிகள்?” என்னும் வினாவைச் சற்றே ஒத்திவைத்து, “நேற்று நன்றாக நித்திரை கொண்டாயா?” என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.