பழைய கணிப்பொறியும் புதிய வரைகலை அட்டையும்



நமது சேலம், நாமக்கல் சமவெளியில் ஆழ்குழாய்க் கிணறு இல்லாத தோட்டம் அரிது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிலத்தைத் துளைத்துச் சென்ற மறுநாளே, கடையில் உள்ளவற்றில் மிகப் பெரிய மோட்டாரை வாங்கி வந்து இறக்கிவிடுகிற உழவர் எவரும் இல்லை. கிணற்றில் எத்தனை அங்குலத் தண்ணீர் கிடைக்கிறது, ஊற்று எத்தனை அடி ஆழத்தில் உள்ளது, குழாயின் அகலம் என்ன, வருகிற மின்சாரம் எவ்வளவு என்றெல்லாம் அவர் முதலில் பார்க்கிறார். ஐந்து குதிரைத்திறன் போதுமான கிணற்றில் பத்துக் குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினால் தண்ணீர் இரட்டிப்பதில்லை. ஊறிய நீர் தீர்ந்ததும் மோட்டார் வறண்டு ஓடி, காயில் கருகுவதே மிச்சம்.

பள்ளிக்கூடம் செல்லாத உழவரும் அறிந்த இந்த உண்மையைக் கணிப்பொறி வாங்கும்போது படித்தவர்களே மறந்துவிடுகிறார்கள். வீட்டில் உள்ள பழைய கணிப்பொறியில் பிள்ளைகள் விளையாடுவதற்காக வரைகலை அட்டை வாங்கிப் பொருத்துவது பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். கடைக்காரர்கள் 'கிராபிக்ஸ் கார்டு' என்று சொல்வது இதைத்தான்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே அலுவலகங்கள் கழித்துவிடுகிற மேசைக் கணிப்பொறிகள் பழைய பொருள் கடைகளுக்கு வருகின்றன. அங்கிருந்து நம் வீடுகளுக்கும் வருகின்றன. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பம் பிள்ளைகளின் படிப்புக்காக அத்தகைய ஒன்றை வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் அது நன்றாகவே உதவுகிறது. விடுமுறையில் அண்ணனும் தங்கையும் விளையாட உட்கார்ந்தால் மட்டும் படம் தத்தித் தத்தி நகர்கிறது. "ஒரு கார்டு போட்டால் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்ல, தீபாவளி போனஸ் அதற்குச் செலவாகிறது. வாங்கி வந்த அட்டையோ பெட்டிக்குள் நுழையவே இல்லை! ஒரு தகப்பனாரின் பல நாள் உழைப்பு இவ்வாறு வீணாகாமல் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. அதற்குச் சிறிது விஞ்ஞானமும், ஓர் அளவுகோலும் போதும்.

முதலில், இந்த அட்டை என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். திரையில் நாம் காணும் படம் புள்ளிகளால் ஆனது. இன்று பரவலாக உள்ள திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். விளையாட்டு வழுவழுப்பாக ஓட வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், வினாடிதோறும் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணித்தாக வேண்டும்.

கணிப்பொறியின் மையச் செயலி, கடினமான கணக்கையும் போடவல்ல நான்கு கணித ஆசிரியர்களைப் போன்றது. ஆனால் இருபது லட்சம் எளிய கூட்டல்களை நான்கு ஆசிரியர்களிடம் கொடுத்தால் அவர்கள் திணறிப்போவார்கள். அவற்றையே எழுநூறு மாணவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் நொடியில் முடிந்துவிடும். வரைகலை அட்டை அந்த எழுநூறு மாணவர்களைப் போன்றது. 2016-இல் வெளிவந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்னும் அட்டையில் 768 கணிப்பான்கள் உள்ளன. அவற்றுக்கென்று தனி நினைவகமும் அந்த அட்டையிலேயே உண்டு. தனி அட்டை இல்லாத கணிப்பொறியில், செயலிக்குள் அடங்கிய சிறு வரைகலைப் பகுதி பொது நினைவகமாகிய ரேமைப் பகிர்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறது. படம் தத்துவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எப்போதும் அதுவே காரணம் அன்று. உண்மைக் காரணத்தை அறிய, காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. விளையாட்டின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, படத்தின் புள்ளி அளவை 1366-க்கு 768 என்று குறையுங்கள். புள்ளிகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இப்போது படம் விரைந்து ஓடினால் குறை வரைகலையில் இருக்கிறது. புதிய அட்டை பயன் தரும். முன்போலவே தத்தினால், குறை செயலியிலோ ரேமிலோ இருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த அட்டையும் அதைத் தீர்க்காது. அங்கே ஊற்றே சிறியது. மோட்டாரை மாற்றி என்ன பயன்?

இந்தச் சோதனையிலேயே சிலருடைய தேவை நிறைவேறிவிடுவதும் உண்டு. குறைந்த புள்ளி அளவில் விளையாட்டு நன்றாக ஓடுமானால் அதுவே போதும் அல்லவா? மற்றொரு சிக்கன வழியும் இருக்கிறது. ரேம் ஒரே துண்டாக இருந்தால், அதற்கு இணையான மற்றொரு துண்டைச் சேர்த்துப் பாருங்கள். இரு துண்டுகளும் ஒருங்கே வேலை செய்யும்போது நினைவகத்தின் பாதை இரு மடங்கு அகலமாகிறது; செயலிக்குள் உள்ள வரைகலைப் பகுதிக்கு அது பெருந்துணை. சூப்பர் டக்ஸ் கார்ட் போன்ற இலவச விளையாட்டுகளை இத்தகைய எளிய கணிப்பொறியிலேயே வீட்டார் பலர் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம்.

இவற்றுக்குப் பின்னும் அட்டை வேண்டும் என்று தேர்ந்தால், மூன்று அளவுகளை எடுக்க வேண்டும்.

முதலாவது, இடம். மடிக்கணினிக்கு இது பொருந்தவே பொருந்தாது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் உள்ளன. அவற்றில் வரைகலைப் பகுதி உள்ளேயே பொருந்தியது. அட்டை செருகும் இடம் கிடையாது. மேசைக் கணிப்பொறியில் 'பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்' என்னும் நீளமான பள்ளம் தாய்ப்பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகப் பெட்டிகள் பல ஒல்லியானவை. அவற்றுக்கு 'லோ புரொபைல்' என்னும் குட்டை அட்டையே பொருந்தும். பள்ளத்தைச் சுற்றியுள்ள நீளத்தையும் உயரத்தையும் அளந்து தாளில் எழுதுங்கள்.

இரண்டாவது, மின்சாரம். அந்தப் பள்ளம் ஓர் அட்டைக்கு 75 வாட்டுக்கு மேல் தராது. அதற்கு மேல் தேவைப்படும் அட்டைக்கு, எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். அலுவலகப் பெட்டிகளில் பெரும்பாலும் அந்தக் கம்பி இராது. வன்தட்டுக்குச் செல்லும் மெல்லிய இணைப்பிலிருந்து மின்சாரத்தைத் திருப்பித் தரும் மலிவான மாற்றுக்கம்பிகள் விற்கின்றன, அவற்றை நாடாதீர்கள். தாங்காத சுமையால் இணைப்பு உருகித் தீப்பற்றக்கூடும். ஆதலால் தனிக் கம்பி வேண்டாத அட்டையே நமக்கு ஏற்றது. ஜி.டி. 1030-க்கு 30 வாட்டு, ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ.-க்கு 60 வாட்டு, 1050 டி.ஐ., 1650 ஆகியவற்றுக்கு 75 வாட்டு என்பவை அடிப்படை அளவுகள். இதே பெயரில் தனிக் கம்பி கேட்கும் வகைகளும் உள்ளனவாதலால், அட்டையின் விளிம்பில் அதற்கான துளைகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தே வாங்க வேண்டும்.

மூன்றாவது, பாதை. புதியது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. 2022-இல் வெளிவந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6400 புதிய கணிப்பொறிகளை எண்ணிச் செய்யப்பட்டது. நான்கே தடங்களில் மிக வேகமாகச் செய்தியை அனுப்பும். பழைய தாய்ப்பலகையிலோ ஒவ்வொரு தடத்தின் வேகமும் பாதியாகிவிடும். நான்கு வழிச்சாலையில் லாரிகள் அனைத்தும் பாதி வேகத்தில் செல்வதைப் போல. பதினாறு தடங்களைப் பயன்படுத்தும் பழைய அட்டைக்கு அந்த நெருக்கடி இல்லை. திரையின் இணைப்பையும் இத்துடன் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய திரையில் வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும் இருந்தால், புதிய அட்டைக்கு ஒரு மாற்றி தேவைப்படும்.

இனி, பழைய அட்டை வாங்குவோர் அறிய வேண்டியவை. எதீரியம் என்னும் எண்மக் காசின் வலையமைப்பு 2022 செப்டம்பர் 15-இல் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதுவரை இரவும் பகலும் அந்தக் காசைத் தோண்டிக்கொண்டிருந்த அட்டைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் கெட்டவை அல்ல. எனினும் கண்ணெதிரே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்வது நம் உரிமை. மிகப் பழைய அட்டைக்குப் புதிய அட்டையின் பெயரைப் பொய்யாக ஏற்றி விற்பவர்களும் உண்டு. ஜி.பி.யூ. இசட் என்னும் இலவச நிரல் இத்தகைய போலிகளைக் காட்டிக்கொடுக்கும். பெயர் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாவதும் உண்டு: ஜி.டி. 1030-இல் ஜி.டி.டி.ஆர். 5 நினைவகம் கொண்ட வகை விரைவானது, டி.டி.ஆர். 4 கொண்டது மிகவும் மந்தமானது. மேலும், 750 டி.ஐ., 1050 டி.ஐ. ஆகியவற்றின் தலைமுறைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற இயக்கி நிரல் வழங்குவதை என்விடியா 2025-உடன் நிறுத்திவிட்டது. பழைய விளையாட்டுகளுக்கு அவை இன்னும் உழைக்கும். ஆண்டுகள் பல கருதி வாங்குவோர் 1650-ஐ நாடுவது நலம்.

பொருத்தும்போது மின்கம்பியை முற்றிலும் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். அட்டையைப் பொருத்தியபின் திரையின் கம்பியை அட்டையில் செருக வேண்டும். தாய்ப்பலகையின் பழைய துளையிலேயே விட்டுவிட்டால் அட்டை வாங்கிய பயன் கிட்டாது. நமது ஊர்களின் சித்திரை வெயிலையும் மறவாதீர்கள். தறிக்கூடத்துக்கு அருகில் பஞ்சுத் துகளும், கோழிப்பண்ணைக்கு அருகில் தீவனத் தூசியும் விசிறியில் படிந்து அடைத்துக்கொள்ளும். சூடேறிய அட்டை தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய தூரிகையால் துடைத்தாலே போதும்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: செயலியின் பெயர், ரேமின் அளவும் துண்டுகளும், பெட்டிக்குள் உள்ள நீள உயரம், மின்வழங்கியின் வாட்டு, திரையின் இணைப்பு. ஆறாவது வரியாக, வீட்டில் செலவிடக்கூடிய தொகையைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவரிடம் பொருந்தாத பொருளை விற்பது எளிதன்று. எழுதிப் பார்த்தபின் அட்டையே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தாலும் வருந்தாதீர்கள். அந்தத் தொகை அடுத்த ஆண்டு புத்தகத்துக்கு ஆகும்.