ஒருவர் பராக்குப் பார்த்தால் சாலையே நிற்கும்!

விபத்து இல்லை, பள்ளம் இல்லை, ஆனாலும் நெரிசல்! காரணம் என்ன?

நெடுஞ்சாலையில் கார்கள் வரிசையாகப் போய்க் கொண்டிருக்கின்றன. திடீரென்று முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு எரிகிறது. அடுத்த காரும் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் நின்று விடுகிறது.

"முன்னால் ஏதோ விபத்து போலிருக்கிறது" என்று எல்லோரும் பேசிக் கொள்கிறார்கள். சிலர் இறங்கி எட்டிப் பார்க்கிறார்கள். பத்து நிமிடம் ஊர்ந்து ஊர்ந்து போன பிறகு, வழி தானாகத் திறந்து விடுகிறது. விபத்து நடந்த இடம் எங்கே என்று தேடினால் ஒன்றையும் காணோம்! கவிழ்ந்த லாரி இல்லை. தோண்டிப் போட்ட பள்ளம் இல்லை. குறுக்கே வந்த மாடுகூட இல்லை.

அப்படியானால் இத்தனை வண்டிகளையும் நிறுத்தியது யார்?

விடை விந்தையானது. யாரோ ஒருவர் ஒரு கணம் வேகத்தைக் குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் நெருக்கிக் கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான்! இது வெறும் ஊகம் அல்ல. பரிசோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள்.

வட்டத்தில் 22 கார்கள்

ஜப்பானில் உள்ள நகோயா பல்கலைக்கழகப் பேராசிரியர் யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் இந்தப் பரிசோதனையை நடத்தினார்கள். அதன் முடிவை 2008-ம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

சமதரையில் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டம் போட்டார்கள். அதில் 22 கார்களை ஓட விட்டார்கள். மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும், முன்னால் போகும் காரைப் பாதுகாப்பாகப் பின்தொடர வேண்டும். இதுதான் கட்டளை.

அந்த வட்டத்தில் சிக்னல் கிடையாது. குறுக்குச் சாலை கிடையாது. மேடு பள்ளம் கிடையாது. நடந்து போகிறவர்களும் கிடையாது. அப்படியிருந்தும் என்ன நடந்தது?

முதலில் எல்லாக் கார்களும் ஒரே சீராகச் சுற்றின. பிறகு ஓரிடத்தில் சிறு தயக்கம் உண்டாயிற்று. அது பெரிதாயிற்று. கடைசியில் சில கார்கள் அடியோடு நின்றே விட்டன! முன்னால் நின்ற கார் புறப்பட்டுப் போனதும், பின்னால் வேறொரு கார் வந்து நின்றது. கார்கள் முன்னோக்கிப் போயின. நெரிசலோ, மணிக்குச் சுமார் 20 கிலோ மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் போயிற்று!

வயலில் காற்று வீசும்போது அலை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பயிர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அசைவுதான் ஓடுகிறது. சாலை நெரிசலும் அப்படிப்பட்ட ஓர் அலைதான். உண்மையான நெடுஞ்சாலைகளிலும் நெரிசல் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் பின்னோக்கி நகர்கிறது.

ஒன்று பத்தாகும் விதம்

இதன் சூட்சுமம் சாதாரணக் கணக்கில் இருக்கிறது.

230 மீட்டரில் 22 கார்கள் என்றால், ஒரு காருக்குப் பத்தரை மீட்டர்கூட முழுதாகக் கிடைக்காது. காரின் நீளம் போக மிஞ்சுவது சுமார் 6 மீட்டர். மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்து விடும். அதாவது, முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் இடையே ஒரு விநாடி அவகாசம்கூட இல்லை.

முன்னால் போகிறவர் லேசாக பிரேக்கைத் தொடுகிறார். அதைப் பின்னால் வருகிறவரின் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் அழுத்துவதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. அந்தத் தாமதத்தை ஈடுகட்ட அவர் சற்று பலமாக அழுத்துகிறார். மூன்றாமவர் அதைவிட பலமாக அழுத்துகிறார். இப்படியே போய், எங்கோ பின்னால் வருகிற ஒருவர் வண்டியை முழுவதும் நிறுத்தும்படி ஆகிறது. முதலில் பிரேக்கைத் தொட்டவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குப் போய் விடுகிறார்!

போன் செய்யும் வேலை

நல்ல கவனத்தோடு ஓட்டுகிறவர்களே இப்படித் தடுமாறினார்கள் என்றால், கவனம் சிதறியவர் கையில் வண்டி இருந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்டிரேயர் இதை ஆராய்ந்தார். வண்டி ஓட்டுவது போலவே அமைந்த ஒரு பயிற்சிப் பொறியில் ஆட்களை உட்கார வைத்து, போனில் பேசிக் கொண்டே ஓட்டச் சொன்னார். 2004-ல் முடிவு வெளிவந்தது. போனில் பேசியவர்கள் பிரேக் போடுவதற்கு 18 சதவிகிதம் அதிகத் தாமதம் செய்தார்கள். பிரேக் போட்ட பிறகு பழைய வேகத்தை எட்டுவதற்கும் 17 சதவிகிதம் அதிக நேரம் எடுத்துக் கொண்டார்கள்.

நிற்பதிலும் தாமதம், புறப்படுவதிலும் தாமதம்! நெரிசல் அலைக்கு இரண்டு பக்கமும் தீனி போட்டது போல் ஆயிற்று.

இவர்கள் போனைக் கையில் பிடித்திருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். "நான் காதில் மாட்டிக் கொண்டுதான் பேசுகிறேன்; கை சும்மாதான் இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் உண்டு. கை சும்மா இருக்கலாம். மனம் சும்மா இல்லையே!

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசலாமா என்று கேட்கலாம். அவருக்கும் சாலை தெரிகிறது. நெருக்கடியான இடம் வந்தால் பேச்சை நிறுத்திக் கொள்கிறார். "பார்த்து, லாரி வருகிறது" என்று எச்சரிக்கவும் செய்கிறார். போனில் பேசுகிறவருக்கோ லாரியும் தெரியாது, வளைவும் தெரியாது.

இரண்டு விநாடியில் 44 மீட்டர்

நெரிசல் என்றால் நேரம்தானே வீணாகும் என்று அலட்சியமாக இருந்து விடக் கூடாது. உயிருக்கு ஆபத்து நெரிசலின் வாலில் இருக்கிறது. அங்கே வண்டிகள் நின்று கொண்டிருக்கின்றன. பின்னால் வருகிறவர் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறார். போனில் யார் அழைக்கிறார்கள் என்று இரண்டே விநாடி குனிந்து பார்க்கிறார். அதற்குள் வண்டி 44 மீட்டர் போய் விடுகிறது. அந்த 44 மீட்டரையும் அவர் கண்ணை மூடிக் கொண்டு கடந்ததாகவே அர்த்தம்.

அமெரிக்காவில் 100 கார்களில் காமிராக்களைப் பொருத்தி, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் கண்காணித்தார்கள். 2006-ல் வெளியான அதன் அறிக்கை திடுக்கிட வைத்தது. நடந்த மோதல்களில் கிட்டத்தட்ட 80 சதவிகிதத்தில், மோதலுக்கு முந்திய 3 விநாடிகளுக்குள் ஓட்டியவரின் கவனம் சாலையில் இல்லை!

நம் நாட்டிலும் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கையில் போனைப் பிடித்துக் கொண்டு வண்டி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. அபராதம் மட்டும் அல்ல, சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு.

வேடிக்கைக்கு விலை

போன் மட்டும்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. சாலையின் ஒரு பக்கத்தில் விபத்து நடந்தால், நடுவில் சுவர் இருந்தாலும் மறு பக்கத்திலும் நெரிசல் உண்டாகிறது. காரணம், போகிறவர்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்க்கிறார்கள். 2005-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பத்து விநாடி வேடிக்கைக்காக ஒவ்வொருவரும் பத்து நிமிடத்தை விலையாகக் கொடுக்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

சிக்னலிலும் இதே கதைதான். பச்சை விளக்கு எரிந்ததும் ஒரு வரிசையில் ஒரு காருக்கு இரண்டு விநாடி வீதம் கடந்து போகின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் காரில் இருப்பவர் குனிந்து போனைப் பார்த்தபடி 4 விநாடி தாமதித்தால், வரிசையின் கடைசியில் இரண்டு கார்கள் மறுபடியும் சிவப்பு விளக்கில் மாட்டிக் கொள்ளும். அதில் ஒன்று, பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றி வந்த வண்டியாகவும் இருக்கலாம் அல்லவா?

இடைவெளி விட்டால் வேகம் கூடும்!

"எல்லோரும் இடைவெளி விட்டுப் போனால் சாலை கொள்ளுமா?" என்று கேட்கலாம். இதற்கும் ஒரு பழைய பரிசோதனை பதில் சொல்கிறது.

நியூயார்க்கையும் நியூ ஜெர்சியையும் இணைப்பது ஹாலந்து சுரங்கப் பாதை. ஹட்சன் ஆற்றின் அடியில் போகிறது. 1950-களின் கடைசியில் அங்கே நெரிசல் தாங்க முடியவில்லை. வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக் கொண்டு நுழைந்தபோது, மணிக்கு 1,176 வண்டிகள்தான் கடந்தன. பிறகு, இரண்டு நிமிடத்துக்கு 44 வண்டிகளுக்கு மேல் விடக் கூடாது என்று தடுத்துப் பார்த்தார்கள். இப்போது மணிக்கு 1,320 வண்டிகள் கடந்தன! உள்ளே விட்டதைக் குறைத்தார்கள். வெளியே வந்தது கூடி விட்டது.

இன்னொரு செய்தி இதைவிட ஆச்சரியமானது. 2016-ல் அமெரிக்காவின் டூசான் நகரில், ஜப்பானில் செய்தது போலவே கார்களை வட்டத்தில் ஓட விட்டார்கள். நெரிசல் அலை உண்டாயிற்று. சுமார் 20 கார்களில் ஒன்றே ஒன்றை மட்டும் கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றினார்கள். அது பாய்ந்து போய் இடைவெளியை அடைக்கவில்லை. கடைசி நிமிடத்தில் பிரேக்கும் போடவில்லை. ஒரே நிதானத்தில் போயிற்று. அலை அடங்கி விட்டது! மொத்த எரிபொருள் செலவும் 40 சதவிகிதம் வரை குறைந்தது.

அந்தக் காரிடம் மந்திரம் எதுவும் இல்லை. நிதானம்தான் இருந்தது. அதை மனிதர்களும் கடைப்பிடிக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும், "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்து விட்டால், மிகவும் நெருங்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழை பெய்தால் இன்னும் அதிக இடைவெளி வேண்டும்.

"இடைவெளி விட்டால் ஆட்டோ புகுந்து விடுமே!" என்பீர்கள். புகட்டும். அதனால் உங்களுக்கு நஷ்டம் இரண்டு விநாடிதான். காலை லேசாக எடுத்து, மறுபடியும் இடைவெளி விட்டுக் கொள்ளுங்கள். முறைத்துக் கொண்டு முட்டப் போனால், பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டி வரும்.

முன்னால் உள்ள காரை மட்டும் பார்க்காமல், அதற்கும் முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போனைக் கைக்கு எட்டாத இடத்தில் போட்டு விடுங்கள். அவசரம் என்றால் ஓரமாக நிறுத்தி விட்டுப் பேசுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. போன் செய்ததும், "வண்டி ஓட்டிக் கொண்டிருக்கிறீர்களா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். "ஆமாம்" என்று பதில் வந்தால், அடுத்த பேச்சே வேண்டாம். போனை வைத்து விடுங்கள். கறிகாய் வாங்கி வரச் சொல்வதற்கு அரை மணி நேரம் பொறுத்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

சாலையில் ஒருவர் செய்யும் தவறு அவரோடு நிற்பதில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்காத தூரத்தில், முகம் தெரியாத ஒருவர் அதன் பலனை அனுபவிக்கிறார். நிதானமும் அப்படித்தான், பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் அது போய்ச் சேருகிறது. நன்றி சொல்ல அவர்கள் வரமாட்டார்கள். ஆனால், நேரத்தோடு வீடு போய்ச் சேருவார்கள்.