சிறுநகரில் வீடு வாங்குதல்: நிலப்பட்டாவும் ஊர்ச்சொல்லும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்றதொரு சிறுநகரில் வீடு வாங்க எண்ணும் தமிழர் ஒருவர், பதிவு பெற்ற வீட்டுமனை முகவரை முதலில் நாடிச் செல்வது அரிது. மளிகைக் கடையிலும், கோயில் நிருவாகக் குழுவினரிடமும், தமிழ்ப்பள்ளி வாயிலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடமும் அவர் விசாரிக்கிறார். பணி ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் ஊரில் இருப்பாராயின் அவரிடமும் ஒரு சொல் கேட்கப்படும். இவ்வாறு கிட்டும் அறிவுரையை 'ஊர்ச்சொல்' எனக் குறிப்பிடலாம். ஊர்ச்சொல் எதனை நன்கு அறிந்துள்ளது, எவ்விடத்தில் தவறுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பழக்கத்திற்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. தோட்டப்புறத் தமிழருக்கு வீடு என்பது நெடுங்காலம் வேலையோடு பிணைக்கப்பட்ட ஒன்றாகவே இருந்தது. லயத்து வீட்டிற்கு வாடகை இல்லை, உரிமையும் இல்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1950களிலும் 1960களிலும் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்று வெளியேற, அவை துண்டாடப்பட்டபோது இந்த உண்மை பல்லாயிரம் குடும்பங்களைத் தாக்கிற்று. சுங்கை சிப்புட்டில் பிறந்தவரான துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரிடம் மாதந்தோறும் பத்து வெள்ளி திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியது இதற்கு எதிர்வினையாகவேயாம். எனினும், அச்சங்கத்தின் வழி தொழிலாளர் பெற்றது தோட்டத்தில் ஒரு பங்கு. தம் பெயரில் ஒரு மனைப்பட்டா அன்று. பட்டாவைப் படித்தறியும் பழக்கம் பாட்டன், தந்தை வழியாக நம்மில் பலருக்கு வந்து சேரவில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

ஊர்ச்சொல்லை இகழ்வோரும் உளர். "அங்கே நம்மவர்கள் இருக்கிறார்களா?" என்னும் வினாவைக் குறுகிய மனப்பான்மை என்று நகரத்து நண்பர் ஒருவர் என்னிடம் கூறியதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. நாட்டில் 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேற்பட்ட அளவில் உள்ளன. குடும்பங்கள் எங்கே குடியேறுகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு பள்ளி நிலைக்கிறது அல்லது மாணவரின்றித் தேய்கிறது. இரவில் ஒரு சாவு நேர்ந்தால் கூடாரம் போடவும், பறை அடிப்பவரை அழைக்கவும், சமையலுக்குப் பாத்திரம் கொண்டு வரவும் எவர் வருவர் என்பதும் வீட்டின் மதிப்பில் அடங்கியதே. எந்தத் தாமானில் மழைக்காலத்தில் வடிகால் நிரம்பும், எந்த வீட்டை விற்பவர் கடன் நெருக்கடியில் இருக்கிறார் என்பனவற்றையும் ஊர் நன்கறியும். இவ்வகைச் செய்திகள் எந்த மதிப்பீட்டாளரின் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

ஊர்ச்சொல் தவறுவது பட்டாவில்தான். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் பதிவினையே உரிமைக்கு அடிப்படையாகக் கொள்கிறது. பணம் கொடுத்தமையோ, முப்பது ஆண்டுகள் குடியிருந்தமையோ, சாட்சிகள் முன் கையொப்பமிட்டமையோ பதிவுக்கு ஈடாகா. ஆகவே, வாங்க விழைபவர் நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி அதிகாரமுறைத் தேடல் செய்து, பட்டாவில் எவர் பெயர் உள்ளது, வங்கிக் கடன் பதிவாகியுள்ளதா, எவரேனும் தடைமனு இட்டுள்ளனரா என்று முதலில் காண வேண்டும். அதன்பின் மூன்று குறிப்புகளை ஊன்றிப் படித்தல் வேண்டும். அவை நிலத்தின் பயன்பாட்டு வகை, சியாரட் ஞாத்தா எனப்படும் வெளிப்படை நிபந்தனை, செகாத்தான் கெப்பென்திங்கான் எனப்படும் உரிமைக் கட்டுப்பாடு என்பன.

இவற்றுள் முதலாவதே நம்மவரை மிகுதியாக இடறச் செய்கிறது. நிலம் 'விவசாயம்' என்று வகைப்படுத்தப்பட்டிருப்பின், அதனை 0.4 ஹெக்டேருக்கும், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கும், குறைவான துண்டுகளாகப் பிரித்துத் தனிப்பட்டா பெறப் பொதுவாகச் சட்டம் இடந்தராது. ஆனால் நாற்பதுக்கு எண்பது அடியில் ஒரு மனையே நம்மவருக்குத் தேவை. அவரது பணமும் அவ்வளவே. இந்த இடைவெளியில்தான் 'பங்கு நிலம்' விற்பனைக்கு வருகிறது. ஓர் ஏக்கர் நிலத்தைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்குவர். பட்டாவில் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்கு என்று பதிவாகும். தரையில் கயிறு பிடித்து, முளையடித்து, "இது உன்னுடையது, அது என்னுடையது" என்று பிரித்துக்கொள்வர். ஆயினும், அந்த முளைகளைப் பட்டா அறியாது. பங்கு என்பது நிலம் முழுவதிலும் பரவிய உரிமையேயன்றி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு உரியதன்று. ஒரு பங்குதாரர் தம் பங்கை மற்றவரைக் கேளாமலேயே அந்நியருக்கு விற்கலாம். முழு நிலத்தையும் அடகு வைக்க அனைவரும் ஒப்ப வேண்டும் என்பதால் வங்கிகளும் பெரும்பாலும் இதற்குக் கடன் தருவதில்லை.

இதனை நூலறிவாக மட்டும் எழுதவில்லை. என் தந்தையார் 1980களில் இத்தகைய பங்கொன்றை, உடன் பால்மரம் வெட்டிய நண்பர்களோடு சேர்ந்து வாங்கினார். பணத்தைத் திரட்டி முதலில் முன்வந்தவர் எவரோ, அவருடைய வீடே சாலையோரம் அமைந்தது. எங்கள் வீடு பின்புறம். இருபது ஆண்டுகள் எந்தச் சச்சரவும் இல்லை. தந்தையார் மறைந்தபின் பட்டாவை எடுத்துப் பார்த்தபோது, பதிவாகியிருந்த பெயர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காலஞ்சென்றிருந்தனர். அவர்தம் வாரிசுகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சிதறியிருந்தனர். வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய நான், நில அலுவலக முகப்பில் அந்தத் தாளைப் பொருள் புரியாமல் இருமுறை படித்தேன். பின்னர் அதனை எனக்கு விளக்கியவர் முகப்பில் பணிபுரிந்த இளம் எழுத்தர் ஒருவரே.

தி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் இதனினும் நலிவானது. அரசு நிலத்தில் தங்கத் தரப்படும் அந்த உரிமம் பொதுவாக அந்தந்த ஆண்டின் இறுதியில் காலாவதியாகிறது. ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். அதனைப் பிறருக்கு மாற்ற இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிவுறும். மனைவி மக்களுக்குத் தானாகச் சென்றடையாது. இவ்வாறிருந்தும், "தி.ஓ.எல். வீடு விற்பனைக்கு" என்று கூறப்படுவதையும், அதற்குப் பத்தாயிரக் கணக்கில் ரிங்கிட் கைமாறுவதையும் கேள்வியுறுகிறோம். வாங்குபவர் பெறுவது கூரையும் சுவரும் மட்டுமே. தோட்டங்களில் எழுப்பப்பட்ட நம் கோயில்கள் பல, நிலம் கைமாறிய பின் பெயர்க்கப்பட்டதற்கும் பட்டா இன்மையே பெருங்காரணமாயிற்று.

குத்தகைப் பட்டாவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 99 ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்று எண்ணிப் பார்த்தால் போதும். அத்தகைய நிலத்தைக் கைமாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலமாயின் பிற இனத்தவர் பெயரில் அதனைப் பதிய இயலாது. விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைந்திருந்தால் இதனையே முதலில் வினவ வேண்டும்.

முன்பணம் திரட்டும் முறையும் ஊரோடு பிணைந்ததே. கூட்டு பிடித்து வீட்டிற்கு முன்பணம் கட்டியோர் நம்மிடையே பலர். 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைக் குற்றமாக்கியுள்ளது என்பதை அவர்களுள் சிலரே அறிவர். ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கும் வழி இருக்கிறது. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், இதற்குரியது 'செஜாத்தெரா' கணக்காகும். தரகுக்கும் சட்டம் உண்டு. பதிவு பெறாதவர் கட்டணம் பெற்று நிலத்தரகு செய்தல் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். கடைத்தெருவில் "ஒரு சதவீதம் போதும், அண்ணே" என்று முன்வரும் அன்பர், ஏமாற்றும் எண்ணம் சிறிதுமின்றியே அவ்வாறு கூறலாம். ஆயினும், தவறு நேர்ந்தால் அவரைப் பொறுப்பாக்கும் அமைப்பு எதுவுமில்லை.

இறுதியாக வாரிசுரிமை. "வீடு கடைசிப் பையனுக்கு" என்று தந்தை வாய்மொழியாகக் கூறிச் செல்வது நம் வழக்கம். உயில் எழுதாது அவர் இறப்பின், 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் வேறுவிதமாகக் கணக்கிடுகிறது. இறந்தவரின் பெற்றோர் இல்லையெனில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகள் அனைவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கும் சேரும். நால்வர் பிள்ளைகளாயின் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒரு பங்கு. மணமாகிச் சென்ற மகளுக்கும் அதே அளவே. இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இருப்பின், மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை என அக்கணக்கு மாறும். எங்கள் பங்கு நிலத்தில் இன்று வாரிசுகளையெல்லாம் எண்ணினால் நாற்பது பேரைத் தாண்டுகிறது. அவர்களுள் கையொப்பம் பெறப்பட்டோர் இதுவரை பதினொருவர்.