மடிந்த மலையும் மலையக வாழ்வும்

உறுதிக்கு உவமை கூறவேண்டுமாயின் நாம் மலையையே காட்டுகிறோம். ஆயினும் மலையும் ஒரு காலத்திற் பிறந்தது, வளர்ந்தது, இன்று தேய்ந்துகொண்டும் இருக்கிறது.

மேசைமீது ஒரு துணியை விரித்து, இரு கைகளாலும் இருபுறமிருந்து நெருக்கிப் பாருங்கள். துணி மேடும் பள்ளமுமாக மடியும். புவியோட்டின் பெருந்தகடுகள் ஒன்றையொன்று நெருக்கும்போது பாறைப் படைகளும் இவ்வாறே மடிகின்றன. மேல்நோக்கி வளைந்தது மேன்மடிப்பு. கீழ்நோக்கி வளைந்தது கீழ்மடிப்பு. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தகடு ஆசியாவுடன் மோதத் தொடங்கியது. அம்மோதலில் எழுந்த இமயம் இன்னும் உயர்ந்துவருகிறது.

நமது மலைநாட்டின் மடிப்புகளோ அதனினும் மிகப் பழையவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இப்பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்து, உருமாறி, மடிந்தன. அன்றைய மலைகள் தேய்ந்தொழிந்தன. அவற்றின் அடிவேர்களே இன்று எஞ்சியுள்ளன. பின்னர் நிலம் உயர்ந்தது. ஆறுகள் அதனை அறுத்தன. வன்பாறை நின்ற இடம் முகடாயிற்று. மென்பாறை கரைந்த இடம் பள்ளத்தாக்காயிற்று. 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகாலையும், 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலையும் இவ்வரலாற்றின் சாட்சிகள்.

இம்மலைகள் பருவக்காற்றைத் தடுத்து மழை பெறுகின்றன. மகாவலியும் களனியும் இங்கேயே பிறக்கின்றன. அட்டனுக்கு அண்மையிலுள்ள காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் நீர் மலையிறங்கும் வழியில் மின்சாரத்தைத் தருகிறது. குளிர்ந்த காற்றும், நீர் தேங்காத சரிவும் தேயிலைக்கு ஏற்றவை. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலை மலையெங்கும் பரவியது. 1885-இல் இரயில் நானுஓயாவை எட்டியது. காடு வெட்டியும், கான் வெட்டியும், கல் அடுக்கியும் இச்சரிவுகளைத் தோட்டமாக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரே.

ஆனால் சரிவு இலாபம் மட்டும் தருவதன்று. பாறையின்மேற் படிந்த மண்ணைக் காட்டு மரங்களின் வேர்கள் பிடித்திருந்தன. வேர் போனபின் பெருமழை ஊறினால் மண் கனத்து வழுக்குகிறது. 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணிற் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எனினும், தலைமுறை தலைமுறையாக உழைத்தும் சொந்தக் காணியில்லாதவர் எங்கே பெயர்ந்து செல்வர்? எச்சரிக்கையோடு பாதுகாப்பான நிலமும் வீடும் கிடைத்தாலன்றோ அது பயன்படும்!

மாணவர்கள் இவ்வறிவைப் பரீட்சைக்கு மட்டும் உரியதாகக் கொள்ளலாகாது. நிலத்திற் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, சுவரில் விரியும் பிளவு ஆகியவை மலை தரும் முன்னறிவிப்புகள். மழைநாளில் இவற்றைக் கண்டால் வீட்டாரிடம் கூறி, உடனே விலகிச் செல்லுங்கள். அடைபட்ட கானைத் திறந்துவிடுவதும், சரிவில் மரம் காப்பதும் ஊரார் கூடிச் செய்யத்தக்கவை. மலையின் இயல்பை அறிந்து வாழ்வோரே அதன் பயனை நெடுங்காலம் துய்ப்பர்.