கடலுக்குப் போகும் சைக்கிள் பாதை

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது, கடற்கரை முழுவதும் இராமநாதபுரத்தோடு நின்றுவிட்டது. ஆனால் கடல் வெகு தொலைவிலும் இல்லை. தேசப்படத்தை விரித்து, விருதுநகரை அடுத்த சூலக்கரையில் அளவுகோலின் ஒரு முனையை வைத்துத் தென்கிழக்காகத் திருப்பிப் பாருங்கள். ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் மன்னார் வளைகுடா வந்துவிடும். சாலைகள் வளைந்து செல்வதால் 85 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் ஆறு மணி நேரத்திற்குள் போய்விடலாம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஆயினும் எந்தச் சாலையில் போவது, எந்த மாதத்தில் போவது, எத்தனை மணிக்குப் புறப்படுவது, எவ்வளவு தண்ணீர் கொண்டு போவது என்ற நான்கு கேள்விகளுக்கும் முதலில் விடை காண வேண்டும். விடை சரியாக இருந்தால் இது இனிய சுற்றுலா. தவறாக இருந்தால் வெயிலிலோ வாகன நெரிசலிலோ உயிருக்கே ஆபத்து நேரலாம். நல்லவேளையாக, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே இதற்குப் போதும்.

மேடு ஒரு தடையா?

விருதுநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். திரும்பி வருவது கடினமாக இருக்குமோ?

கணக்கிட்டுப் பார்ப்போம். 85,000 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏறுகிறோம். அதாவது 850 மீட்டருக்கு ஒரு மீட்டர். மாணவரின் எடை 50 கிலோ, சைக்கிளும் பையும் 20 கிலோ, ஆக மொத்தம் 70 கிலோ என்று கொண்டால், இந்தச் சரிவு நம்மைப் பின்னுக்கு இழுக்கும் விசை 70 கிலோவில் 850-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 80 கிராம் எடைதான்! நூறு மீட்டர் உயரமும் ஏறி முடிக்க நம் உடல் செலவிடுவது ஏறத்தாழ 65 கிலோ கலோரி. ஒன்றிரண்டு இட்லி சாப்பிட்டால் அது கிடைத்துவிடும்.

இந்த நிலம் ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் வைப்பாறும் அதன் துணையாறுகளும் மெல்லச் சரிந்து செல்லும் சமவெளி இது. ஆண்டில் பெரும்பகுதி மணல் மட்டும் தெரியும் இந்த ஆறு, சாத்தூர், இருக்கன்குடி, விளாத்திகுளம் வழியாகச் சென்று கடலில் கலக்கிறது. தண்ணீர் எப்போதும் சரிவான வழியையே தேடும். ஆகவே ஆற்றை ஒட்டிய சாலையில் பெரிய ஏற்றம் இருக்காது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

காற்றுதான் மலை

சாலையில் டயர் உருளும்போது ஏற்படும் தடையைப் பார்ப்போம். நல்ல தார்ச்சாலையில், காற்று சரியாக அடைத்த டயரில், இது மொத்த எடையில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அளவில் இருக்கும். 70 கிலோவுக்கு 560 கிராம். அடுத்தது காற்றின் தடை. நிமிர்ந்து உட்கார்ந்து 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை, அசையாமல் நிற்கும் காற்று சுமார் 640 கிராம் எடைக்குச் சமமான விசையோடு தடுக்கும்.

இப்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று கொள்வோம். நமக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வேகம் 30 ஆகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 640 கிராம் இரண்டரை கிலோவாகிவிடுகிறது! சரிவின் 80 கிராம் இதன் முன் எம்மாத்திரம்? அதே காற்று முதுகுப்பக்கம் வீசினால் தடை அநேகமாக மறைந்துவிடும்.

இட்லிக் கணக்கில் சொன்னால் இன்னும் விளங்கும். காற்றில்லாத நாளில் 85 கிலோமீட்டர் செல்ல சுமார் 960 கிலோ கலோரி வேண்டும். ஓர் இட்லி 50 கிலோ கலோரி என்றால் சுமார் 20 இட்லி. எதிர்க்காற்றில் அதே வேகத்தில் செல்ல நினைத்தால் 50 இட்லி! நம் கால்களால் அது முடியாது. வேகத்தைக் குறைத்துக்கொள்வோம், ஆறு மணி நேரப் பயணம் ஒன்பது, பத்து மணி நேரமாக நீளும். அதற்குள் உச்சி வெயில் வந்துவிடும்.

எப்போது புறப்படலாம்?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக் கணவாய்கள் வழியே மேற்கிலிருந்து பலத்த காற்று இந்தச் சமவெளியின் மேல் வீசும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். அந்த மாதங்களில் கடலை நோக்கிப் போவது சுகம், திரும்புவது துன்பம். அதற்கும் வழி உண்டு. தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டி, சாத்தூர் வழியாக விருதுநகருக்கு ரயில் வருகிறது. சைக்கிளைச் சரக்காகப் பதிவு செய்துவிட்டு ரயிலில் திரும்பலாம்.

சைக்கிளிலேயே போய் வர விரும்புவோருக்குப் பிப்ரவரி மாதம் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், கோடை தொடங்கியிராது. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது புறப்பட வேண்டும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுவே கடற்காற்று. இரவு கடலோர ஊரில் தங்கி, மறுநாள் பிற்பகலில் புறப்பட்டால், முதல் முப்பது கிலோமீட்டருக்காவது கடற்காற்று நம்மை முதுகில் தள்ளிக்கொண்டு வரும். பொழுது சாய்வதற்குள் விளாத்திகுளத்திலோ எட்டயபுரத்திலோ தங்கிவிட்டு, மீதித் தூரத்தை மறுநாள் காலையில் முடிக்கலாம்.

எந்தச் சாலை?

படத்தில் தடித்த கோடாகத் தெரிவது நான்கு வழிச் சாலை. வழவழப்பான சாலைதான், ஆனால் நமக்கு ஏற்றதல்ல. ஏன்? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் நம்மை விநாடிக்கு 18 மீட்டர் வீதம் நெருங்குகிறது. 100 மீட்டர் தொலைவில் ஓட்டுநர் நம்மைக் கண்டால், முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது ஐந்தரை விநாடி! கிராமச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்துக்கு 14 விநாடி கிடைக்கும். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சிவகாசியைச் சுற்றிப் பட்டாசு லாரிகள் பெருகும். அப்போது இந்தப் பக்கத்துச் சாலைகளையே தவிர்ப்பது நல்லது. பட்டாசு ஆலைகளின் அறைகள் ஒன்றை விட்டு ஒன்று தள்ளித் தள்ளிக் கட்டப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அடுத்த அறைக்குப் பரவாமல் இருக்கவே இந்த இடைவெளி. அத்தகைய இடத்தின் அருகே அடுப்பு மூட்டிச் சமைக்கலாகாது.

ஒரு வழி சாத்தூர் சென்று, அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியைப் பார்த்துவிட்டு, கிராமச் சாலைகளில் விளாத்திகுளம் போவது. மற்றொன்று அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாக எட்டயபுரம் போவது. 1882-இல் பாரதியார் பிறந்த ஊர் அது. ஆனால் இந்த வழியில் பெரிய சாலையின் பகுதியும் உண்டு. ஆகையால் பெரியவர் துணையோடு, ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். இரு வழிகளும் விளாத்திகுளத்தில் சேர்கின்றன. அங்கிருந்து வேம்பாரும் வைப்பாற்றின் முகத்துவாரமும் எட்டும் தூரந்தான்.

கரிசலும் மணலும்

குறுக்கு வழி என்று கரிசல் காட்டு வண்டிப் பாதையில் இறங்கலாமா? காய்ந்திருக்கும்போது இறங்கலாம். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம். கரிசல் மண்ணில் உள்ள நுண்ணிய களிமண் தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் அவை உப்பிப் பிசுபிசுக்கும். சக்கரத்தில் ஒட்டிய சேறு மட்கார்டில் அடைத்துக்கொண்டு சைக்கிளை அசையவிடாது. பிறகு சைக்கிள் நம்மைச் சுமக்காது. நாம்தான் அதைச் சுமக்க வேண்டும்.

கடலை நெருங்கினால் பனை மரங்களும் மணலும் தொடங்கும். உலர்ந்த மணலில் சக்கரம் புதைகிறது. ஆனால் அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கும். மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீரின் பரப்பு இழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதே காரணம். அங்கே ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால் ஓட்டுங்கள். பின் நல்ல தண்ணீரில் செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் இடுங்கள். உப்பு நீர் இரும்பை வெகு விரைவில் துருப்பிடிக்கச் செய்யும்.

எவ்வளவு தண்ணீர்?

நாம் செலவிடும் ஆற்றலில் கால் பங்குதான் பெடலைச் சேர்கிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிறது. 960 கிலோ கலோரியில் 720 உடலைச் சூடாக்குகிறது. வியர்வை ஆவியாகும்போது அந்த வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகச் சுமார் 580 கிலோ கலோரி தேவை. ஆகவே மிதிப்பதால் உண்டாகும் சூட்டைப் போக்கவே ஒன்றேகால் லிட்டர் வேண்டும். வெயில் தரும் சூடு தனி. ஆவியாகாமல் சொட்டிப் போகும் வியர்வையும் தனி. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கத் திட்டமிடுங்கள். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் இடையிடையே உப்பிட்ட மோர் நல்லது.

தலைசுற்றல், குமட்டல், பேச்சுத் தடுமாற்றம் தோன்றினால் உடனே நிழலில் படுக்க வைத்து, உடலை நனைத்து விசிற வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். சிறிது நேரத்தில் சரியாகிவிடும் என்று மீண்டும் மிதிக்கக் கூடாது.

கடலோரத்தில்

வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. வழியில் உப்பளங்கள் மின்னும். குறைந்த மழை, சமதளம், ஓயாத காற்று என்ற மூன்றும் சேர்ந்ததால் இங்கே உப்பு விளைகிறது. நம் வியர்வையை உலர்த்தும் அதே காற்றுதான் கடல்நீரையும் உலர்த்துகிறது. கரைக்கு அப்பால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் சில இருக்கின்றன. வேம்பாரை ஒட்டிய தீவுகளில் ஒன்றின் பெயர் நல்லதண்ணி. மற்றொன்றின் பெயர் உப்புத்தண்ணி. கடலோடிகளும் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்கள் என்று அந்தப் பெயர்களே சொல்கின்றன.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த சைக்கிள் வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, முன்சக்கரம் மிகப் பெரிதாக இருந்த பழைய சைக்கிளில் உலகைச் சுற்றினார்; 1886-இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை மிதித்தார். காற்றடைத்த டயரை டன்லப் உருவாக்கியது அதற்குப் பின், 1888-இல்தான். பள்ளியில் அரசு தரும் சைக்கிள் அதைவிடப் பன்மடங்கு மேலானது.

புறப்படுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். காற்றில்லாத காலையில் சமமான, வாகனமற்ற இடத்தில் ஒரே வேகத்தில் வந்து, ஒரு கோட்டைத் தொட்டதும் மிதிப்பதை நிறுத்துங்கள். சைக்கிள் தானாக எவ்வளவு தூரம் உருண்டு நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். டயரில் காற்றைக் கூட்டியும், சற்றுக் குனிந்து அமர்ந்தும், மாலைக் காற்றில் இரு திசைகளிலும் இதையே செய்து பாருங்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு தேசப்படத்தை மறுபடி விரியுங்கள். எந்த நாளில், எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு என்பதை நீங்களே முடிவு செய்து, வீட்டுப் பெரியவர்களுக்கும் காரணத்தோடு எடுத்துச் சொல்லலாம்.